பூஜ்யம் என்றே போடுங்கள்

மூன்றாம் மாடி. சன்னலுக்கு வெளியே
கார்டிஃப் நகரத்து மழை.
காதுக்குள் எந்த ஊர் மழையும் வரும்.
இன்று பாரோவிலிருந்து வந்தது.
கப்பல் கட்டுகிற ஊர்;
அந்தக் குரலுக்குப் பின்னால்
கடற்பறவைகள் எதற்கோ சண்டை போட்டன.

லொரேன் பென்னிங்டன், ஐம்பத்து நான்கு வயது.
இரண்டு கார்கள், என்றார்.
ஒன்று எனக்கு, ஒன்று மகளுக்கு.
ஒரே பாலிசியில் போட்டால் மலிவாமே?
கொஞ்சம் மலிவுதான், என்றேன்.

அடுத்த கேள்வி என் வாயில் தேய்ந்துபோன கேள்வி:
உங்கள் பெயரில்
எத்தனை ஆண்டு நோ கிளெய்ம் போனஸ்?

இருபத்திரண்டு.
பிள்ளையின் வயதைச் சொல்வதுபோல்
யோசிக்காமல் சொன்னார்.

பாலிசி யார் பெயரில் இருந்தது?
கணவர். முன்னாள்.
நீங்கள்?
கூடுதல் ஓட்டுநர்.

இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தச் சொல்லி
எங்களுக்குப் பயிற்சி தந்திருக்கிறார்கள்.
தாழ்த்தினேன்.
போனஸ் பாலிசிக்காரருக்குத்தான் சேரும், மேடம்.
கூட ஓட்டியவருக்கு இல்லை.

அவர் கோபப்படவில்லை.
கணக்குப் பார்ப்பவர்போல் சொல்லிக்கொண்டே போனார்:
ஆஸ்பத்திரி இரவு ஷிஃப்ட் முடிந்து
ஐந்து மணிக்குக் கரும்பனி படிந்த சாலை.
வெள்ளிக்கிழமைதோறும் மதுக்கடை வாசலில்
இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தது.
வாசல் தூணில் அவர் இரண்டு முறை இடித்தார்,
அல்வர்ஸ்டனில் ஒரு சொந்தக்காரரின் பட்டறை,
கையில் ரொக்கம், கிளெய்ம் இல்லை.
தூண் இன்னும் சாய்ந்தே நிற்கிறது.
அவர் கணக்கு மட்டும் நிமிர்ந்து நிற்கிறதா?

என் திரையில் தூணுக்குக் கட்டம் இல்லை.

ஒரு வழி உண்டு, என்றேன்.
நீங்கள் ஓட்டிய ஆண்டுகளுக்கு
பழைய நிறுவனத்திடம் அவர் கேட்டு
ஒரு கடிதம் வாங்கித் தந்தால்
மேலாளரிடம் பேசிப் பார்க்கிறேன்.
எல்லாம் கிடைக்காது. நாலைந்து கிடைக்கலாம்.

அந்தப் பக்கம் கெட்டில் கொதித்து
தானாக அணைகிற சத்தம்.

அவரிடம் கேட்கணுமா?

அவர்தானே பாலிசிக்காரர்.

பூஜ்யம் என்றே போடுங்கள்.

பட்டியலில் அதுதான் முதலில் இருக்கிறது.
கீழே இறங்கித் தேட வேண்டியதில்லை.
சொடுக்கினேன். தொகை வந்தது.
வாசித்தேன், பைசா உட்பட, பென்னி உட்பட
என்று எங்கள் மேற்பார்வையாளர் கேலி செய்வார், அப்படி.
மூச்சு ஒன்று உள்ளே போய்
வெளியே வர நேரம் எடுத்தது.
இருக்கட்டும், என்றார்.

இப்போது மகள். கிர்ஸ்டின், பத்தொன்பது வயது.
அப்பா தன் பாலிசியில் சேர்த்துக்கொள்கிறாராம்,
பாதி காசு மிச்சமாம், என்றாள் அவளே,
ஸ்பீக்கரில், தூரத்திலிருந்து.
தாய் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.
என்னிடம்தான் கேட்டார்:

ஒரே பாலிசி என்றாலும்
இரண்டு காருக்கும் தனித்தனிக் கணக்குதானே?
ஆமாம்.
நான் எங்காவது இடித்தால்
அவள் போனஸ் குறையுமா?
குறையாது.
அவள் இடித்தால் என்னுடையது?
குறையாது.
அதை இன்னொரு தரம் சொல்லுங்கள்,
அவளுக்குக் கேட்கிற மாதிரி.

சொன்னேன்.

அவள் கார், அவள் பெயர், என்றார்.
அடுத்த வருஷம் ரெண்டு பேருக்கும் ஒன்று.
மகள் எதற்கோ சிரித்தாள்.
கடற்பறவைகளும் விடவில்லை.

அழைப்பு முடிந்தபின் குறிப்பு எழுத
தொண்ணூறு நொடி தருவார்கள்.
எழுதினேன்: வாடிக்கையாளர் இருவர். போனஸ் இல்லை.
பாக்கி நேரத்தில், செய்யக்கூடாதுதான்,
என் பெயரைத் தட்டினேன்.

ஒன்பது ஆண்டு, சுத்தமான கணக்கு.
மூன்றாம் வரியில் மெரெரிட்,
கூடுதல் ஓட்டுநர்.
தினமும் நியூபோர்ட் வரை போய் வருபவள்.
நான் ரயிலில் வருகிறேன்.

பன்னிரண்டு நொடி மீதம் இருந்தது.
அவளுக்குச் செய்தி தட்ட ஆரம்பித்து
எப்படித் தொடங்குவதென்று தெரியாமல்
அழித்தேன்.
அடுத்த அழைப்பு:
ஸ்வான்சி. வேன் ஒன்று, கார் இரண்டு.
யார் பெயரில், என்றேன்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக.