பதினேழாவது குழி

சேடபட்டி ரோட்டோரம்
நாற்பது குழி வெட்ட வந்தோம்.
பதினாறு வரைக்கும்
கடப்பாரை கைமாறிக்கொண்டே இருந்தது.
பதினேழில்
பவுன்தாய் இறங்கி நின்றுகொண்டார்,
முழங்கால் வரை மண்ணுக்குள்.

"முக்காக் குறுக்கம் பருத்தி.
பொழுது சாய நெழலு இங்கிட்டுத்தான விழும்?
வட்டிக்கு வாங்குன வெத
நெழல்ல கெடந்தா வெடிக்குமா?"

சார் மரங்களின் பயன்களைத் தொடங்கினார்:
ஐந்து மதிப்பெண் வினாவுக்கு
நாங்கள் எழுதும் அதே விடை.
நான் என் செருப்பைப் பார்த்தேன்.

காசிமாயன்தான் வெயிலை அண்ணாந்து பார்த்து
கன்றைத் தூக்கிக்கொண்டு
ரோட்டைக் கடந்தான்.
"மேக்க வச்சா
சாயங்கால நெழலு தாருமேல விழும் ஆத்தா.
நடக்கிறவுக மேல விழும்."

அங்கே சுக்காம்பாறை.
ஒரு முழம் இறங்க ஒன்றரை மணி நேரம்.
கொப்புளம் உடைந்த கைகளோடு
எல்லாரும் அவனை ஏசினோம்.

புங்கங்கன்றுக்குப் பவுன்தாயே
உடைமுள் வெட்டி வந்து கட்டினார்.
மேய்கிற ஆடும் அவருடையதுதான்.

பழைய குழியை மூடப் போனோம்.
"கெடக்கட்டும்யா.
மழ பேஞ்சா தண்ணி நிக்கும்."

மழை என்றதும்
யாரும் மேலே பார்க்கவில்லை.