கேட்டடி

"மாமாட கேட்டடியில மான் செத்துக் கிடக்கு."
வேறெதற்கோ எடுத்த அழைப்பில்
கடைசியாகச் சொன்னது இது.
கச்சான் காற்று. பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.
கேட்டையும் மானையும் காற்று தான் எடுத்துக்கொண்டு
மிச்சத்தை மூதூருக்கு அனுப்பியது.
அதோடு போனில் காசும் முடிந்தது.

தாய்மாமனைக் 'கிடக்கு' என்றா சொல்வான் என்று
அக்கா ஒரு கணம் யோசித்தாளாம்.
'கிடக்கிறார் எண்டிருப்பான்,
மரியாதையக் காத்துக் கொண்டுபோயிருக்கும்.'
பிறகு யோசிக்கவில்லை.
கல்யாணத்துக்கு அவர் வராததிலிருந்து
பதினொரு வருசம் கதைக்காமல் இருந்தவள்
அடுப்பில் சோற்றை விட்டுவிட்டு பஸ் ஏறினாள்.
கிண்ணியாப் பாலம் வருவதற்குள்
எட்டுப் பேருக்குச் சொல்லிவிட்டாள்.

உவர்மலைப் பொடியன்கள் வலு சுறுக்கு.
மாமாவின் ஒழுங்கையில்
வெள்ளைக்கொடி கட்டத் தொடங்கிவிட்டார்கள்,
மானைத் தாண்டித் தாண்டி.

மாமா மீன் வாங்கப் போயிருந்தார்.
பாரைமீன் பையோடு திரும்பியவர்
சைக்கிளை நிறுத்தி
ஏணியில் நின்றவனிடம் கேட்டார்:
"ஆர் தம்பி?"
குடிவந்து ஒரு மாதம்கூட ஆகாத பொடியன்.
"அருளம்பலம் ஐயாவாம்."
"எப்பிடி ஆள்?"
"கொஞ்சம் சத்தக்காரன் எண்டு சொல்லுறாங்க.
ஏணிய ஒருக்காப் பிடிங்க."

பிடித்தார்.
கடைசி முடிச்சு விழும்வரை பிடித்தார்.

அக்கா தலைவிரிகோலமாய் ஒழுங்கைக்குள் ஓடிவந்தபோது
வாசலில் குந்தியிருந்து
மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.
பாலத்திலேயே புறப்பட்ட அழுகை;
அதை இனி எங்கே திருப்பி அனுப்புவது?
பார்த்தாள். பார்த்துக்கொண்டே
அழுது முடித்தாள்.
இடையில் ஏதோ சொன்னாள்.
"அந்தக் காது இப்ப கேக்காது," என்றார் மாமா,
செதிள் ஒட்டிய கையால் மறுபக்கம் காட்டி,
"இஞ்சால வந்து இருந்து சொல்லு."

என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.
ஏச்சு மட்டும் என் பங்குக்கு வந்தது:
வாய்க்குள் பாக்குப் போட்டுக் கதைக்கிறவனாம்.

பின்னேரம் நகரசபை டிராக்டர் வந்தது.
வயிறு நிறையப் பொலித்தீன் என்றான் டிரைவர்.
கொடிகளை அவிழ்க்க
ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.
அவற்றின் கீழே, ஒழுங்கை நீளத்துக்கும்,
மெதுவாகப் போனது மான்.

மாமா கத்தியைக் கீழே வைத்தார்.