துளை

அம்பகாமம், பதினேழாம் பாதை.
விடிந்ததிலிருந்து முப்பத்தொரு முறை கத்திவிட்டது கருவி.
சன்னம், ஆணி, மீன்ரின் மூடி,
ஆரோ உடுத்த காற்சட்டையின் கொக்கி.
முப்பத்திரண்டாவதுக்கும் அதே குரல்தான்.
மண்ணுக்குள் எது கிடந்தாலும்
கொல்லக் கிடக்குது என்றே அதற்கு நினைப்பு.

குப்புறப் படுத்து, பக்கவாட்டில் சுரண்டி எடுத்தேன்.
துருவில் ஒரு வட்டம். நடுவில் சதுர ஓட்டை.
வொசர் என்றாள் றெஜினா.
காந்தத்தைக் கிட்டப் பிடிக்க ஓடி வந்து ஒட்டியது.
ஊதினால், ஓட்டையைச் சுற்றி நாலெழுத்து.
மூன்றைத் துரு தின்றிருந்தது.

சீனத்துக் காசு, இரும்பில் வார்த்தது என்று
மத்தியானம் போனில் சொன்னார் ஒரு அலுவலர்.
செம்பு காணாத சீமையில் அதுதான் காசாம்.
உப்பு வாங்கப் போகிறவன்
உப்பைவிடப் பாரமான இரும்பைச் சுமப்பானாம்.

றெஜினா விழுந்து விழுந்து சிரித்தாள்.
மாத்தளனில்
ஒரு கிலோ சீனிக்கு
தோட்டைச் சோடியாய்க் கழற்றிக் கொடுத்தவள் நான்.
பாரமே தெரியவில்லை அப்போது.

எந்தக் கப்பலில் வந்தானோ,
தேனுக்கோ தந்தத்துக்கோ
கடலைவிட்டு இவ்வளவு தூரம் உள்ளே நடந்தவன்.
வாங்க ஆளில்லை என்றதும்
எறிந்தானா, இடுப்பிலிருந்து நழுவியதா?

பதிவேட்டில் எழுதினேன்:
இரும்புத் துண்டு, ஒன்று. ஆபத்தில்லை.

காதுத் துளை தூர்ந்துவிடாமல்
ஈர்க்குத் துண்டு செருகியிருக்கிறேன்.
முகக்கவசத்துக்குள் அது ஒருவருக்கும் தெரியாது.
கருவியும் கத்தாது.