காற்று சம்மதித்தால் எட்டு நிமிடம்

ஸ்கார்வோக்கிலிருந்து நெஸ்ஹாம்னுக்கு
வரைபடத்தில் அளந்தால் முப்பத்தொன்பது கிலோமீட்டர்.
பயணச்சீட்டில் இருபத்தைந்து நிமிடம் என்று இருக்கும்.
அதில் பதினேழு
இறக்கையில் உறைந்த பனியைக் கழுவவும்
விமானி கையுறையைத் தேடவும்.
பறப்பது எட்டே எட்டு.
சாலை வழியைக் கேட்காதீர்கள்.
நார்வேயின் இந்த வடகோடியில்
கடல் உள்ளே புகுந்து படுத்திருக்கும் வளைவையெல்லாம் சுற்றி
நூற்றிருபத்தெட்டு. அதுவும்
நவம்பரில் அடைத்தால் மே மாதம்தான் திறக்கும்.

இந்த ஓடுபாதையின் வானொலிக்கு நான், ரிஸ்தென்.
அந்த ஓடுபாதைக்கு ஓட்வார்.
"கிளம்பியாச்சு" என்பேன்.
"வந்தாச்சு" என்பார்.
பதினோரு வருடமாக இதுதான் பேச்சு.
முகம் பார்த்ததில்லை,
இருமலை வைத்தே உடம்பு எப்படியென்று சொல்லிவிடுவேன்.
நடுவில் உள்ள எட்டு நிமிடத்தில்
ஒரு முட்டை வேகும்.
வேகவைத்துப் பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை
ஹால்கைர் வந்தார், பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்.
நெஸ்ஹாம்ன் தேவாலயத்துப் பியானோவில்
ஏழு கட்டைகள் ஊமையாகிவிட்டனவாம்.
எடை போட்டேன்:
ஆள் தொண்ணூற்றொன்று, தோல்பெட்டி பதினாலு.
அங்கே போய்
ஓடுபாதையை மேலிருந்து பார்த்துவிட்டு
குறுக்குக் காற்றுக்குப் பயந்து
விமானம் திரும்பியது.
முப்பத்தொரு நிமிடம் பறந்து
ஏறின படியிலேயே இறங்கினார்.

செவ்வாயும் அப்படியே.

புதன்கிழமை காப்பியை நீட்டினேன்.
"மூன்று நாளில் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
நகர்ந்தது எவ்வளவு?" என்றார்.
விடை இருவருக்கும் தெரியும்.
"போகும்போது விசிறி சுருதியோடுதான் பாடுகிறது,
திரும்பும்போது ஓர் இம்மி இறங்கிவிடுகிறது" என்று
கோப்பை விளிம்பைத் தட்டித் தட்டிக் காட்டினார்.
எனக்கு எல்லாம் இரைச்சல்தான்.

வியாழன்.
கம்பத்தில் காற்றுப்பை
பிழிந்து போட்ட காலுறையாகத் தொங்கியது.
சரியாக எட்டு நிமிடம்.
முட்டை வேகவில்லை, அடுப்பை மூட்ட மறந்திருந்தேன்.
"வந்தாச்சு" என்றார் ஓட்வார்.
அரைமணி கழித்து,
பதினோரு வருடத்தில் இல்லாத வழக்கமாக,
தானே கூப்பிட்டார்:
"பெட்டியோடு ஒருவர் தேவாலயத்துச் சாவி எங்கே என்கிறார்.
சாவி பெர்க்லியோட்டிடம்.
பெர்க்லியோட் உங்கள் ஊரில் பல் பிடுங்க
அதே விமானத்தில் ஏறிப் போய்விட்டாள்."

வெளியே எட்டிப் பார்த்தேன்.
இறங்கி நின்றுகொண்டிருந்தாள்,
திங்கட்கிழமையிலிருந்து விமானத்துக்குக் காத்திருந்த கன்னம்
ஒரு பக்கம் மட்டும் பன் ரொட்டியாக உப்பி.
விஷயத்தைச் சொன்னேன்.
சிரிக்கப் போய் "ஆ" என்றாள்.
கோட்டின் உள்பையில் கைவிட்டு எடுத்தாள்,
விரல் நீள இரும்பு, சிவப்பு நூல் கட்டியது.

மதிய விமானத்துக்கு அன்று ஆளே இல்லை.
விமானி சாவியை வாங்கினார்,
எங்கே வைப்பதென்று யோசித்தார்,
முதல் இருக்கையில் வைத்துப்
பட்டையை இழுத்து மாட்டினார்.

"கிளம்பியாச்சு."

"வந்தாச்சு." இருமல் தேவலை.

பதிவேட்டில் எழுதினேன்:
பயணிகள் இல்லை.
சரக்கு, சாவி ஒன்று, அறுபது கிராம்.
பறந்த நேரம் எட்டு நிமிடம்.
தொலைவு என்ற கட்டத்தில்
கூப்பிடு தூரம் என்று எழுதிவிட்டு,
தலைமை அலுவலகத்தில் திட்டுவார்களே என்று
அதை அடித்து
முப்பத்தொன்பது போட்டேன்.