வலது பக்கம்

மூன்று ஜோடி வாங்கினேன்,
ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பிக் கொடுக்க.
ஏழு நாள் கெடு.
"காதுல போட்டதத் திருப்பி எடுக்க மாட்டோம்ணா,
உங்களுக்குன்றதால" என்றான்
கோயம்புத்தூர்க் கடையில் ரெஜினால்ட்.

பொறுக்கவில்லை.
மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறியதுமே முதலாவதைப் பிரித்தேன்.
அடிவாரம் வரை மிருதங்கத்தின் தொப்பி
தொண்டைக்குழியில் உருண்டது.
குஞ்சப்பனை தாண்டியதும் காது அடைத்தது.
வலந்தலை மட்டும் தகர டப்பாவாய்.
பேஸ் சுத்தமாக இல்லை என்று
தீர்ப்பு எழுதப் போனவன் எச்சில் விழுங்கினேன்.
பொட்டென்று திறந்து
முழு மிருதங்கமும் மடியில் விழுந்தது.

அரவேணு. மாடிப்படிக்கு அடியில் என் அறை.
ரப்பர் முனைகளைத் தட்டில் கொட்டினேன்,
மழைக்கு மறுநாள் புல்லில் முளைத்த காளான்கள் மாதிரி.
ஒரு ஜோடி மட்டும் பஞ்சில் செய்தது;
நசுக்கிச் செருகினால் உள்ளே போய் மெல்ல உப்பும்.
இடக்காதுக்கு நடுத்தரம், வலதுக்குச் சிறியது.
முப்பத்தெட்டு வருஷமாய்
இரண்டும் ஒரே அளவென்று இருந்திருக்கிறேன்.

ஒரே பதிவு, ஒரே நாற்காலி, ஒரே சத்தம்.
யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த நாகஸ்வரக் கச்சேரி.
ஊதுகிறவர் மூச்சு இழுக்கும் இடம்,
பின்னால் பந்தி இலை விரிவது,
இன்னொரு அப்பளம் கேட்டு ஒரு குழந்தை அழுவது.
முதலாவதில் குழந்தையே இல்லை.
இரண்டாவதில் குழந்தையைத் தவிர ஒன்றுமில்லை.
மூன்றாவதில்
யாரோ அதைத் தூக்கிக்கொண்டு
வாசல் பக்கம் போகிறார்கள்,
செருப்புச் சத்தம் கூட இருக்கிறது.

நோட்டில் எழுதினேன்: மூன்றாவது.
அடியில் சிவப்பில்: வலது பக்கம் சோர்வு. தயாரிப்புக் குறை.

ஃபேக்டரியில் மோட்டார் பார்க்கிற பெள்ளி
டீ குடிக்க வந்தவன் நோட்டைப் படித்தான்.
"மோட்டார் போச்சா லைன் போச்சான்னு
வயர மாத்திப் போட்டுப் பாக்காமயே எழுதுவியா?"

மாற்றினேன். இடதை வலதில், வலதை இடதில்.
குறை கூடவே போயிருக்க வேண்டும்.
போகவில்லை.
இருந்த பக்கமே உட்கார்ந்திருந்தது.
இரண்டாவதைப் போட்டேன், முதலாவதைப் போட்டேன்,
நானூறு ரூபாய்க்கு வாங்கிய பழையதைக்கூடத் தேடி எடுத்தேன்.

பதினோரு வருஷம் சி.டி.சி. ரோலருக்கு
வலது தோளைக் காட்டி நின்றவன் நான்.
பல் மழுங்கினால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.
அதற்காக ஒரு தீபாவளிக்கு
மேலாளர் இருநூறு கூடுதலாய்க் கொடுத்தார்.

சிவப்பு வரியை அடிக்கவில்லை.
தயாரிப்புக் குறை என்பது அப்படியே இருக்கட்டும்.

போனில் ஒரு கோடு இருக்கிறது, நடுவில் ஒரு புள்ளி.
வலப்பக்கம் தள்ளினேன், நெல்லளவு.
பிறகு இன்னும் ஒரு நெல்லளவு.
நாகஸ்வரக்காரர் ஜமுக்காளத்தோடு நகர்ந்து
புருவ மத்தியில் வந்து உட்கார்ந்தார்.
பெள்ளியிடம் கொடுத்தேன்.
"வலது மண்டையில அடிக்குதே" என்று
உடனே கழற்றிவிட்டான்.

ஆறாம் நாள் இரண்டைத் திருப்பினேன்.
எது நல்லது என்று ரெஜினால்ட் கேட்டதற்கு
யாருக்கு என்று கேட்டுவிட்டு பஸ் பிடித்தேன்.

திங்கட்கிழமை ஷிஃப்ட்.
பஞ்சு முனையை நசுக்கி இரண்டு காதிலும் செருகினேன்.
வயரின் மறுமுனை சட்டைப்பையில், எதிலும் சேராமல்.
பாட்டு இல்லை.
உள்ளே மெல்ல உப்பி அடைத்தது.
ரோலர் எழுந்து போய்
எதிர்மலையில் எங்கோ ஓட ஆரம்பித்தது.

மேலாளர் பக்கத்தில் வந்து வாயசைத்தார்.
பல் மழுங்கிவிட்டதா என்றுதான் இருக்கும்.
காதைத் தொட்டுக் காட்டி
கேட்கவில்லை என்றேன்.