நாக்குச் சோதனை

புகைச் சோதனையில் மறுபடியும் தோல்வி.
"ஈ.ஜி.ஆரைத் தகடு வைத்து அடைத்துவிடு, செனாடா.
ஊரே அப்படித்தான் ஓட்டுது"
என்றான் ஸியாத்.

அவள் வால்வைக் கழற்றினாள்.
காபி வண்டல் போல் கரி.
கரண்டிக் காம்பால் சுரண்டிக்
கழுவி மாட்டினால்
அதே கறுப்பு வாந்தி.

காற்றுப் போதாத தீதானே கறுக்கும்?
டர்போ டப்பாவில் துண்டுக்குழாய் செருகி
வாய்வைத்து உறிஞ்சினாள்.
நாக்கு ஒட்டிக்கொண்டது, விடவில்லை.
சவ்வு நல்ல சவ்வு.
அப்படியானால் பழைய குழாய்.
பேட்டரிக்குப் பின்னால் தடவத் தடவ
நகக்கீறல் அளவு வெடிப்பு,
சூடானால் மட்டும் வாய் திறப்பது.

இரண்டு மார்க். ஒரு முழம் ரப்பர்.

ஜெனிட்சா உருக்காலைப் புகைபோக்கி
எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.
அதன் வாயில் யார் கருவி செருகுவது?

கறுத்த எச்சிலைத் துப்பிவிட்டுச்
சாவியைத் திருப்பினாள்.