இடப்பக்கத்து ஆணி

உச்சியில் ஒரு தகர டப்பா வைக்கவேண்டும், விதி.
காலி மீன் டப்பா போதும்.
உள்ளே சீட்டு: பெயர், தேதி, எந்தப் பக்கமாக ஏறினீர்கள்.
அடுத்து வருகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு
தங்கள் சீட்டை வைத்துவிட்டு இறங்குவார்கள்.
அதுதான் சாட்சி.

எங்களுக்கு எடுத்துவர ஒன்றும் இருக்கவில்லை.

மெஸ்தியா அலுவலகத்துப் படிவம் கேட்டது:
உங்களுக்கு முன் ஏறியவர்?
பெக்னு ஒரு கோடு போட்டான்,
காகிதத்தின் ஓரம்வரை.
எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து
"அப்படியென்றால் யார் சொல்லி நம்புவது?" என்றாள்.
கையுறையைக் கழற்றி விரல்களைக் காட்டினான்.
இரண்டு கறுத்திருந்தன.
முத்திரை குத்தினாள்.

யாரும் தொடாத பாறை எப்படி இருக்கும் என்கிறார்கள்.
அழகாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே கேட்கிறார்கள்.
ஆடுகிற பால்பல் மாதிரி இருக்கும்.
பிடித்த கல்லெல்லாம் கையோடு வரும்.
முதல் நாள் முழுக்க நான் ஏறவில்லை,
மலையைப் பிய்த்துப் பிய்த்துக்
கீழே போட்டுக்கொண்டிருந்தேன்.
"கல்!" என்று கத்தும்போதெல்லாம்
பெக்னு கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொள்வான்.
பள்ளத்தாக்கில் கோபுர வீடுகள்
தீக்குச்சி அளவில் நின்றன.
அங்கே அவன் மனைவி சியூரி
உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள்.
நிமிர்ந்தே பார்க்கவில்லையாம்.
"பார்த்திருந்தால் விழுந்திருப்பீர்கள்."

மூன்றாம் நாள் மதியம் வழி தவறியது.
வழியே இல்லாத இடத்தில்
எப்படித் தவறும் என்று கேட்காதீர்கள். தவறும்.
இடப்பக்கம் ஒரு விரிசல்
பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் போயிற்று.
முப்பது மீட்டரில் மூடிக்கொண்டது.
மேலே பிடிக்க ஒரு நகக்கண் இடமில்லை.
அங்கே ஓர் ஆணி அடித்தேன்,
முன்னேற அல்ல, தப்பி இறங்க.
அடிக்க அடிக்கச் சத்தம் உச்சத்துக்கு ஏறினால்
ஆணி நன்றாக இறங்குகிறது என்று அர்த்தம்.
அன்று அது கிட்டத்தட்டப் பாடியது.
நான் அடித்ததிலேயே நல்ல ஆணி,
தப்பான இடத்தில்.
கயிற்றில் சறுக்கி வந்தோம். அது அங்கேயே இருந்தது.

உச்சியில் பத்து நிமிடம்.
மேகம். எதுவும் தெரியவில்லை.
உடைந்த பென்சிலைப் பல்லால் கடித்துக் கூராக்கினேன்.
பாதி எலுமிச்சம்பழம் மிச்சமிருந்தது,
சர்க்கரை தொட்டுத் தோலோடு தின்றோம்.

பதினோரு வருடம் கழித்துக் கதவைத் தட்டினான் ஒரு பையன்.
மின்ஸ்க்கிலிருந்து வந்தவன். அலேஸ் என்றான்.
உதடுகள் வெயிலில் வெடித்திருந்தன.
இரண்டு கையாலும் சீட்டை நீட்டினான்.
துருக்கறை. என் எழுத்து:
"தென்மேற்குச் சுவர். மேகம். எலுமிச்சை தீர்ந்தது."
கீழே என் கையெழுத்து, பக்கத்தில் அவனுடையது.
பெக்னு போய் நான்கு வருடம் ஆகியிருந்தது,
மலையில் அல்ல, ஒரு லாரியில், சம தரையில்.
அவன் எழுத்தின் மேல்
கட்டைவிரலை வைத்துக்கொண்டேன்.

பையன் தயங்கினான்.
"மூன்றாம் நாள்... இடப்பக்கம் ஓர் ஆணி.
அதைப் பார்த்ததும் இதுதான் வழி என்று போனோம்.
ராத்திரி முழுக்க அங்கேயே தொங்கினோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நிறுத்த முடியவில்லை, இருமலில் போய் முடிந்தது.
பிடுங்கிவிட்டாயா என்றேன்.
"எப்படி? அதில்தானே இறங்கினோம்.
அசையவே இல்லை."

ரொட்டி இன்னும் வேகவில்லை, உட்கார் என்றேன்.
படிவம் நிரப்பியாயிற்றா என்று கேட்டேன்.
பையிலிருந்து எடுத்தான்.
உங்களுக்கு முன் ஏறியவர் என்ற இடத்தில்
என் பெயர் சரியாக இருந்தது.
பெக்னோ என்று எழுதியிருந்தான்.
பெக்னு, என்றேன். அடித்துவிட்டு மறுபடி எழுது.
எழுதும்வரை பக்கத்தில் நின்றேன்.